வைக்கோலுக்குள் பொரி

அன்று காலை வரப்பில் நின்றுகொண்டு நான் ‘சபாஷ்’ என்று சொல்லாமல் இருந்திருந்தால், எங்கள் நாய் அதை விழுங்காமல் இருந்திருக்குமா? பத்தொன்பது நாளாக இந்தக் கேள்வியோடுதான் எழுந்திருக்கிறேன். நாயிடம் கேட்க முடியாது. வீட்டிலும் கேட்க முடியாது. அந்தச் சொல்லை நான் சொன்னது வீட்டில் யாருக்கும் தெரியாது.

தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் தள்ளி எங்கள் ஊர். கொல்லையைத் தாண்டினால் வாய்க்கால், வாய்க்காலைத் தாண்டினால் மாமனாரின் வயல். கணவருக்குத் தஞ்சாவூரில் வேலை. காலை எட்டு மணிக்கு வண்டியை எடுத்தால் திரும்ப ஏழாகிவிடும். மாமியார், நாத்தனாரின் பிரசவத்துக்காகச் சிங்கப்பூர் போயிருக்கிறார். ஆக, பகலில் வீட்டில் நானும் பதினோரு மாதக் குழந்தையும், வயலுக்கும் வீட்டுக்குமாக நடக்கும் மாமாவும், அப்புறம் நாயும்.

நாட்டு நாய்தான். பெண். எனக்குக் கல்யாணமான வருடம் மதகடியில் யாரோ விட்டுப்போன குட்டியை நான்தான் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு வந்தேன். குழந்தை பிறக்கும்வரை வீட்டுக்குள் என் காலைச் சுற்றியே கிடந்தது. பிறந்த பிறகு கொல்லையில் மோட்டார் கொட்டகைத் தூணில் கட்டினோம். எல்லோரும் அப்படித்தான் செய்யச் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். அது நாள் முழுக்கக் குரைத்தது. கறிவேப்பிலைச் செடியை வேரோடு தோண்டியது. கொடியில் காய்ந்த குழந்தைத் துணிகளை இழுத்துக் கிழித்தது. பால்காரரின் வேட்டியைப் பிடித்த அன்று மாமா கம்பை எடுத்தார். அடி வாங்கியதும் கொஞ்ச நேரம் சுருண்டு கிடந்தது. அப்புறம் பழையபடி ஆரம்பித்தது.

நாயைத் தடுப்பூசிக்காகத் தஞ்சாவூரில் ஒரு பெண் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனபோது, அழாத குறையாக இதையெல்லாம் கொட்டினேன்.

“நாள் பூரா அதுக்கு என்ன வேலை?” என்று கேட்டார்.

“வேலையா? நாய்க்கா டாக்டர்?”

“உங்கள ஒரு தூண்ல கட்டிப் போட்டுட்டு, ரெண்டு வேளை தட்டுல சோறு மட்டும் வச்சா என்ன பண்ணுவீங்க?”

உண்மையாகவே யோசித்தேன். “கத்துவேன்” என்றேன்.

“அதத்தான் அதுவும் பண்ணுது.”

சாப்பாட்டைத் தட்டில் வைக்காமல் தேடித் தின்ன விடச் சொன்னார். கடித்துக் கிழிக்க ஏதாவது கொடுக்கச் சொன்னார். நடக்கக் கூட்டிப்போனால் இழுக்காமல், அது மோந்து பார்த்து முடிக்கும்வரை நிற்கச் சொன்னார். தப்புச் செய்யும்போது அடிப்பதைவிட, சரியாகச் செய்கிற அந்த நொடியில் ஒரே ஒரு சொல் சொல்லி, உடனே தின்ன ஏதாவது கொடுக்க வேண்டும். எப்போதும் அதே சொல்லாக இருக்க வேண்டும். நான் பி.எட். படித்தவள். வலுவூட்டல் என்பதைப் பத்து மதிப்பெண் கேள்வியாக எழுதித் தேறியவள். கொல்லையில் கட்டியிருந்த உயிருக்கு அது பொருந்தும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நான் தேர்ந்தெடுத்த சொல் ‘சபாஷ்’.

கையில் கிடைத்ததைக் கொண்டு ஆரம்பித்தேன். கொல்லையில் குறுவை வைக்கோல் இருந்தது. கடையில் பொரி வாங்கினேன். ஒரு கூடை வைக்கோலைக் குவித்து, உள்ளே பொரியைத் தூவி, “தேடு” என்றேன். முதல் நாள் அது என் முகத்தையே பார்த்தது. மூன்றாம் நாள் கழுத்துவரை வைக்கோலுக்குள் போய், மூக்கில் ஒரு பொரி ஒட்டிக்கொண்டிருக்க வெளியே வந்து தும்மியது. “சபாஷ்!” என்று கத்திவிட்டு நானே சிரித்துவிட்டேன். குழந்தை பிறந்த பிறகு நான் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

தேங்காய் மட்டையைக் கிழிக்கக் கொடுத்தேன். குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது நாயைப் பழைய சாக்கின் மேல் பேசாமல் படுத்திருக்கப் பழக்கினேன். அதற்குக் கூலி, உப்புப் போகக் கழுவிக் காயவைத்த நெத்திலிக் கருவாடு. உப்பு முழுக்கப் போயிருக்குமா என்று ஒவ்வொரு துண்டையும் நாக்கில் வைத்துப் பார்த்தேன். சைவமாக வளர்ந்தவள் நான். என் அம்மா பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

மாமா வாய்க்காலில் கை கால் கழுவிக்கொண்டே வேடிக்கை பார்ப்பார்.

“ஏம்மா, நாய்க்குக் கூட டியூஷனா?”

“கொரைக்கிறது கொறஞ்சிருக்கா இல்லையா, சொல்லுங்க மாமா.”

“கொறஞ்சிருக்கு, கொறஞ்சிருக்கு. பரீட்சை எப்ப?”

மருத்துவர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். ‘விடு’ என்றால் வாயில் இருப்பதையும் விட வேண்டும், மோந்ததையும் விட வேண்டும். தேடுவதோடு சேர்த்தே அதையும் பழக்குங்கள் என்றார். பழக்க ஆரம்பித்தேன். ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும். கைக்குள் கருவாட்டை மூடிக்கொண்டு, அது நக்கி, பிராண்டி, சலித்து, முகத்தைத் திருப்பும்வரை காத்திருக்க வேண்டும். குழந்தை தூங்கும் அரை மணி நேரம்தான் எனக்குக் கிடைப்பது. வைக்கோல் விளையாட்டைக் குழந்தை விழித்திருக்கும்போதும் நடத்த முடிந்தது. அதில் நாய் சந்தோஷமாக இருந்தது, எனக்கும் சந்தோஷமாக இருந்தது. ‘விடு’ நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போனது.

கார்த்திகையில் சம்பாப் பயிர் தூர் கட்டியிருந்தது. எலி அதிகம். வழக்கமாகக் கிட்டி வைக்கிறவர் வருவார். மூங்கிலை வில்லாக வளைத்துக் கட்டிய பொறிதான் கிட்டி. சாயங்காலம் வரிசையாக வயலில் ஊன்றி, விடிந்ததும் எலியோடு எடுத்துப்போவார். இந்த வருடம் அவருக்கு முழங்கால் வலி, வரவில்லை. மாமா கடையில் மருந்து வாங்கினார். அதைப் பொரியில் எண்ணெய் விட்டுப் பிசறி, வரப்பு ஓரமாகப் பிடிப்பிடியாக வைத்தார். மைனாவும் காக்கையும் கொத்திவிடக் கூடாதே என்று ஒவ்வொன்றின் மேலும் கொஞ்சம் வைக்கோலைப் போட்டு மூடினார்.

பொரி. மேலே வைக்கோல்.

என்னிடம் சொன்னதாக மாமா சொல்கிறார். முந்தின நாள் நான் மிக்ஸி ஓடவிட்டிருந்தபோது, சமையலறை வாசலில் நின்று, “வயப்பக்கம் மருந்து வச்சிருக்கேன், நாய விடாத” என்றாராம். நானும் “சரிங்க மாமா” என்றேனாம். எனக்கு மிக்ஸி சத்தம் ஞாபகம் இருக்கிறது. குழந்தை இடுப்பிலிருந்து நழுவியது ஞாபகம் இருக்கிறது. ‘சரிங்க மாமா’ என்று நான் ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்கிறேன்.

மறுநாள் கணவர் கிளம்பிய பிறகு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் கயிற்றைப் பிடித்தபடி வாய்க்கால் தாண்டி நடந்தேன். மருத்துவர் சொன்னபடி கயிற்றைத் தளர்த்தி, அது நிற்கும் இடத்திலெல்லாம் நின்றேன். நாய் திடீரென்று வால் உயர, வரப்போரம் இருந்த வைக்கோல் பிடிக்குள் மூக்கை விட்டது. பொரி நொறுங்கும் சத்தம் கேட்டது. யோசிக்காமல் என் வாய் சொல்லிவிட்டது: “சபாஷ்.”

அது என்னைத் திரும்பிப் பார்த்தது. வால் ஆடியது. உதட்டோரம் நீல நிறமாக இருந்தது.

அப்புறம்தான் கத்தினேன். கயிற்றை இழுத்தேன். “துப்பு, துப்பு!” அதற்குத் ‘துப்பு’ தெரியாது. நான் பிடுங்க வருகிறேன் என்று தலையைத் தாழ்த்தி, மீதியையும் ஒரே மூச்சில் வழித்து விழுங்கியது. குழந்தை அலறியது. இரண்டு வயல் தள்ளி மாமா மடை திறந்துகொண்டிருந்தார்.

“மாமா! வைக்கோலுக்குள்ள என்ன வச்சிருக்கீங்க?”

அவர் மண்வெட்டியை அப்படியே போட்டார். “அய்யய்யோ, எலி மருந்தும்மா! நேத்திக்கே சொன்னேனே!”

மருந்துப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அவர் மொபெட்டில் முன்னால் போனார். நான் குழந்தையை மடியிலும் நாயைக் காலடியிலும் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். ஓட்டியவர் திரும்பிப் பார்த்தார்.

“அக்கா, நாய் வண்டியில வாந்தி எடுத்துடப் போவுது.”

“எடுத்தா நல்லதுதாங்க. நீங்க போங்க” என்றேன். அவர் வேகத்தைக் கூட்டினார்.

ஊசி போட்டதும் நாய் வாந்தி எடுத்தது. நீல நிறப் பொரி. மருத்துவர் பொட்டலத்தைப் படித்தார். இது ரத்தத்தை உறையவிடாமல் செய்கிற மருந்து, உடனே ஒன்றும் தெரியாது, சில நாள் கழித்துத்தான் உள்ளே கசியும் என்றார். சீக்கிரம் வந்தது நல்லது. இருந்தாலும் நான்கு வாரம், நாளுக்கு ஒரு மாத்திரை. ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது. காலையும் மாலையும் ஈறு வெளுத்திருக்கிறதா என்று உதட்டை விலக்கிப் பார்க்க வேண்டும்.

“கத்தினீங்களா?”

“கத்தினேன் டாக்டர்.”

“கத்தினா வேகமா முழுங்கும். ‘விடு’ சொல்லிக் குடுக்கச் சொன்னேனே?”

“ஆரம்பிச்சேன் டாக்டர்.”

“ஆரம்பிச்சீங்க” என்றார். அவ்வளவுதான். மாத்திரைச் சீட்டை எழுதிக் கொடுத்தார். ‘சபாஷ்’ பற்றி அவரிடமும் நான் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் மாமா சாப்பிடாமல் போய் வரப்பில் வைத்ததையெல்லாம் பொறுக்கி எடுத்துவந்து குழி தோண்டிப் புதைத்தார். “எத்தனை வச்சீங்க மாமா?” என்று கேட்டேன். “பதினெட்டு” என்றார். கொஞ்சம் கழித்து, “இருபதோ” என்றார். எடுத்தது பதினேழு. நாய் தின்றது ஒன்று. அவர் இருட்டும்வரை மறுபடி வரப்புவரப்பாகக் குனிந்து நடந்ததைக் கொல்லையில் நின்று பார்த்தேன்.

நான்காம் நாள் நடந்ததுதான் விஷயத்தை முடித்துவிட்டது. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். குழந்தை தவழ்ந்து கொல்லை மூலைக்குப் போயிருக்கிறாள். நாயின் பழைய வைக்கோல் அங்கேயே கிடந்தது. எடுத்துக் கொட்ட வேண்டும் என்று தினமும் நினைத்தேன். மாமா பார்த்தபோது அவள் இரண்டு கையாலும் வைக்கோலை விலக்கி, ஒரு பொரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். அது நல்ல பொரிதான். நான் போட்டதுதான், வெள்ளைதான். ஆனால் மாமா அவள் வாய்க்குள் விரலை விட்டு அதை எடுத்து, உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாய் தேடுவதைத் தினமும் சாக்கின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் அவள். பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் காலை, கணவர் ஷூ மாட்டும்போது மாமா சொன்னார்: “சீர்காழிப் பக்கம் நம்ம சிநேகிதன் தோப்புக்கு ஒரு நாய் கேட்டுக்கிட்டிருக்கான். மாத்திர முடியட்டும். கொண்டுபோய் விட்டுடலாம். கொழந்த வளர்ற வீடு.”

“அங்க கட்டியே போட்டுருவாங்க மாமா.”

“நாய்னா கட்டித்தாம்மா போடுவாங்க. பள்ளிக்கூடமா நடத்துவாங்க?”

நான் கணவரைப் பார்த்தேன். “அப்பா சொல்றதுலயும் ஞாயம் இருக்கு. நீ சொல்றதுலயும் இருக்கு” என்றார்.

“அப்ப நீங்க யாரு பக்கம்?”

“நான் ஆபீஸ் பக்கம். நேரமாச்சு.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமா சொல்வது தப்பென்று என்னால் சொல்ல முடியவில்லை, அதுதான் கஷ்டம். கட்டிப்போட்டுச் சோறு வைத்திருந்தால் அது விஷத்தைத் தேடிப் போயிருக்காது. குழந்தையும் வைக்கோலுக்குள் கை விட்டிருக்க மாட்டாள். அதே சமயம், நான் பழக்க ஆரம்பித்த இந்த மூன்று மாதத்தில் அது யாரையும் கடிக்கவில்லை. குழந்தை அதன் காதைப் பிடித்து இழுத்தபோது எழுந்து சாக்குக்குப் போய்ப் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. அடியால் வராத ஒன்று அதற்கு வந்திருந்தது.

வைக்கோலையும் பொரியையும் அன்றே நிறுத்திவிட்டேன். இப்போது குழந்தை தூங்கும் அரை மணி நேரமும் ‘விடு’ மட்டும்தான். தரையில் விழுந்த இட்லித் துண்டை விடுகிறது. கருவாட்டைக்கூட விடுகிறது, எச்சில் ஒழுக, ஆனால் விடுகிறது. பாராட்டும் சொல்லை மாற்றிவிட்டேன். பழைய சொல் எனக்கு வாயில் வருவதில்லை. ஆனால் இதெல்லாம் சிமெண்டுத் தரையில், மூடிய கதவுக்குள். வரப்பில், காற்றில் எண்ணெய் வாசம் வரும்போது, நான் பத்தடி தள்ளி இடுப்பில் குழந்தையோடு நிற்கும்போது விடுமா? தெரியவில்லை. இப்போது அதை ஓடவிடவும் கூடாது என்பதால் சோதித்தும் பார்க்க முடியாது. கட்டியே கிடப்பதால் நேற்றிலிருந்து மறுபடி குரைக்கிறது. ஒவ்வொரு குரைப்புக்கும் மாமா தலையைத் தூக்கி என்னைப் பார்க்கிறார். ஈறு இன்று காலை சிவப்பாகத்தான் இருந்தது. இரண்டு தடவை பார்த்தேன்.

வயல்வெளியில், கைக்குழந்தையோடு, நாய் வளர்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்குச் சொல்லுங்கள். ‘விடு’ வெளியிலும் நிற்க எத்தனை நாள் ஆகும்? வாய்க்கூடை மாட்டி நடத்தினால் அது மோந்து பார்க்கிற சந்தோஷம் போய்விடுமா, அல்லது அதுவாவது மிஞ்சுமா? தேடும் விளையாட்டையே அடியோடு மறக்கடிக்க வேண்டுமா? அல்லது ஒரே ஒரு பெட்டிக்குள், குழந்தை பக்கத்தில் இல்லாதபோது மட்டும் என்று வைத்துக்கொள்ளலாமா? தோப்புக்கு அனுப்புவதுதான் குழந்தைக்கும் நாய்க்கும் நல்லது என்று தோன்றினால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். என் மனம் நோகும் என்று பார்க்க வேண்டாம். அட்டையில் இன்னும் ஒன்பது மாத்திரை இருக்கிறது. அவை தீர்வதற்குள் உங்கள் பதில் வந்தால், மாமாவிடம் பேச எனக்கு ஏதாவது இருக்கும்.