மகள் ஒட்டிய மழைப்படம்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கோணல் எழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாலர் பாடசாலையில் பிள்ளைகள் தினமும் வானத்தைப் பார்த்து வெயில் படமோ மழைப்படமோ ஒட்ட வேண்டும். நேற்று மகளைக் கூட்டிவரப் போய், வாசலில் கூச்சத்தோடு நின்ற என்னிடம் டீச்சர் சொன்னார்:

"உங்கட மகள் வெயிலெறிக்கிற நாளும் மழைதான் ஒட்டுறா. வீட்டில கொஞ்சம் சொல்லிக் குடுங்க."

வரும் வழியில் மகளிடம் காரணம் கேட்டேன்.

"மழையெண்டா நீங்க கடலுக்குப் போகமாட்டீங்கதானே, வாப்பா."

போன கிழமை அடைமழையில் தோணி கரையில் கிடந்ததையும், நான் வீட்டில் இருந்ததையும் அவள் கவனித்திருக்கிறாள்.

இன்று காலை வானம் வெளித்திருந்தது. "இண்டைக்கு வெயில்தான் மகள்" என்று சொல்லிக் கொடுத்தேன். அவள் வானத்தை அண்ணாந்து பார்த்தாள். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுத் தோணி இறக்க வேண்டும்.

09.12.2023