அதில் கேமரா உண்டு

என் அண்ணனுக்கு ஜோசியம் தெரியாது. ஆனால் அடுத்து வரப்போகும் செல்போனில் என்ன இருக்கும், என்ன இருக்காது என்று சொல்லத் தெரியும். ஷார்ஜாவில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் பத்து வருடத்துக்கு மேல் விற்பனையாளனாக நின்றவன். ஒரே போனில் இரண்டு சிம் வரும் என்று ஒரு லீவில் வந்து அவன் சொன்னபோது, குலசேகரம் சந்தையில் ரப்பர் ஷீட் எடுக்கும் வியாபாரிகள் அவனைக் கேலி செய்தார்கள். பிறகு அதே ஆட்கள் புதுப்போன் வாங்குவதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்து, "இப்ப வாங்கட்டா, அடுத்த மாடலுக்கு நிக்கட்டா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

நோய் முதலில் அவன் வலது கையில்தான் தெரிந்தது. கடையில் வாடிக்கையாளரிடம் காட்டிக்கொண்டிருந்த போன் கை நழுவி விழுந்தது. இரண்டாம் முறை விழுந்தபோது முதலாளி முறைத்தார். அப்புறம் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜில் பெரிய டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: தசைகள் ஒவ்வொன்றாகத் தளரும், கை, கால், கழுத்து, கடைசியில் மூச்சு. மருந்து கிடையாது.

அண்ணன் பெண்டாட்டி, எங்கள் பேச்சில் மைனி, குவைத்தில் நர்ஸ். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. விடுப்பு முடிந்து அவள் கடைசியாகக் கிளம்பிய அன்று, அண்ணன் கம்பை ஊன்றிக்கொண்டு வாசல் கேட்டு வரைக்கும் நடந்து போய்க் காரை வழியனுப்பினான். அதன் பிறகு அவர்களுக்குள் போன் மட்டும்தான். கொஞ்ச நாள் அவன் நண்பனின் நெட் சென்டரில் போய் உட்கார்ந்து கேமராவில் அவளைப் பார்த்தான். உட்கார முடியாமல் போனதும் அதுவும் நின்றது. அப்பாவும் அம்மாவும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துவிட்டு வந்து அவனைக் குளிப்பாட்டுவதும் கஞ்சி ஊட்டுவதும் நான்தான்.

மைனி போனில் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் அவனுக்கு ஒரே பதில்தான்.

"கொழப்பமில்லட்டி. நல்லாத்தான் இருக்கேன்."

நான் முறைப்பேன். போனை வைத்ததும் சத்தம் போடுவேன். "நீ அவகிட்ட வாயத் தொறந்தா இனி எனக்குக் கஞ்சி வேண்டாம்" என்பான். ஒரு தடவை சொன்னபடியே இரண்டு வேளை வாயை மூடிக்கொண்டு கிடந்தான். அதற்குப் பிறகு மைனியிடம் நான் எதையும் சொல்லவில்லை.

2009 கடைசியில் அந்த வதந்தி வந்தது. அமெரிக்கக் கம்பெனி ஒன்று பலகை மாதிரி ஒரு சாதனம் செய்கிறதாம், பட்டன் கிடையாதாம், தொட்டால் போதுமாம். நண்பன் நெட்டில் வருவதையெல்லாம் பிரிண்ட் எடுத்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கட்டிலருகே வந்து உட்கார்ந்து வாசிப்பான். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். பிறகு தீர்ப்புச் சொல்வான்.

"அதுல போன் பேச முடியுமா லேய்?" என்று நண்பன் கேட்டான்.

"அந்தப் பலகைய காதுல வச்சுப் பேசினா உன்னப் பிடிச்சு ஆஸ்பத்திரியில போடுவானுவ. முடியாது."

"தமிழ்?"

"எழுத முடியாது. வாசிக்கலாம், அதுவும் கட்டம் கட்டமாத் தெரியும். தமிழன் சண்ட போட்ட பெறகு பைய வரும்."

"சார்ஜ்?"

"ஒரு பகல் நிக்கும். கரண்டு போற ஊருக்கு அதுதான் வேணும்."

அவன் உற்சாகமாக இருந்தான், பொய் சொல்லக்கூடாது. எனக்கும் அந்த ஒரு மணி நேரம் பிடித்திருந்தது. கட்டிலைச் சுற்றி மருந்து நாற்றம் தவிர வேறு ஏதோ ஒன்றும் இருப்பதுபோல் தோன்றியது.

ஒரு ஞாயிறு நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருக்கும்போது அவன் சொன்னான்: "அதுல கேமரா உண்டு. மொகத்தப் பாத்த மாதிரி." நண்பன் தாளிலிருந்து தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தான்.

மைனியைப் பார்ப்பதற்காக முன்பே ஒருவரிடம் லேப்டாப் இரவல் வாங்கி முயன்று பார்த்திருந்தோம். நெஞ்சின் மேல் வைத்தால் அவனுக்கு மூச்சு முட்டியது. பக்கத்தில் வைத்தால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. இந்தப் பலகையென்றால் முகத்துக்கு நேரே நிறுத்தலாம். அண்ணன் ஆசாரியை வரவழைத்தான். கட்டிலுக்கு மேலே வளைந்து நிற்கிற மாதிரி ரப்பர் மரத்தில் ஒரு சட்டம். மேல் விளிம்பில், கேமராவை மறைக்காமல் இருக்க, ஒரு சின்ன வெட்டு. வெட்டு நடுவில்தான் வர வேண்டும் என்று ஆசாரியிடம் தர்க்கம் வேறு செய்தான்.

அந்த வருடம் மைனிக்குக் கிறிஸ்துமஸ் லீவு கிடைத்திருந்தது. கல்ஃப் ஆஸ்பத்திரியில் நம்மூர் நர்சுகளுக்குக் கிறிஸ்துமஸ் லீவு என்பது லேசில் கிடைக்கிற காரியமில்லை. வருடக்கணக்காக மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்தால்தான் முறை வரும். முறை வந்தாலும் போகாமல், டிக்கெட் காசையும் லீவு சம்பளத்தையும் வாங்கிக்கொண்டு ஊருக்கு ஏதாவது சாமான் கொடுத்து விடுகிறவர்களும் உண்டு. எங்கள் பக்கத்துப் பாதி வீடுகளில் ஃபிரிட்ஜ் இப்படித்தான் வந்தது, ஆள் வராமல்.

அண்ணன் போனில் சொன்னான். நான்தான் போனை அவன் காதருகே பிடித்திருந்தேன்.

"ஏட்டி, நீ இப்ப வரண்டாம். ஒரு மாசம் இருந்துட்டு நீ பொறப்பட்டா பெறகு ரெண்டு வருசம் எனக்கு யாரு? அந்தக் காச வச்சிரு. சாதனம் எறங்கின ஒடனே வாங்கி ஆள் வசம் குடுத்து விடு. அதுல கேமரா உண்டு. தெனமும் பாத்துக்கிடலாம்."

"நிச்சயமா உண்டா?" என்று அவள் கேட்டாள்.

"நான் சொல்லி எது வராம இருந்திருக்கு?"

அவள் லீவை வேறொருத்திக்கு விட்டுக்கொடுத்தாள். நான் அன்று அண்ணனுடன் சண்டை போட்டேன். கிறுக்கா உனக்கு, வதந்தியை நம்பிப் பெண்டாட்டியை வராதே என்கிறாய் என்று கத்தினேன். அவன் சட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கேரல் பாட வந்தவர்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று பாடினார்கள். உள்ளே வரச் சொல்லவில்லை அவன்.

ஜனவரி கடைசியில் கம்பெனி அந்தச் சாதனத்தை அறிவித்தது. மறுநாள் காலையில் நண்பன் வந்தான். கையில் பிரிண்ட் இருந்தது. பலகை, தொடுதிரை, பகல் முழுக்க நிற்கும் சார்ஜ், எல்லாம் அண்ணன் சொன்னபடியே. கேமரா இல்லை. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

அண்ணன் சிரித்தான். அப்போது அவன் சிரிப்பு வெறும் மூச்சாகத்தான் வரும். மைனிக்குப் போன் போடச் சொன்னான். "தப்பிப் போச்சுட்டி. அடுத்த மாடல்ல கண்டிப்பா வரும்" என்றான். அந்தப் பக்கம் அவள் அழுவது எனக்கே கேட்டது. மேற்பார்வைக்காரியின் காலைப் பிடித்தாவது ஈஸ்டருக்கு வந்துவிடுகிறேன் என்றாள். "வாட்டி, நல்லாத்தான் இருக்கேன்" என்றான்.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் தொடங்கி இரண்டாவது வாரம் சளி நெஞ்சில் கட்டியது. இருமித் துப்ப அவனுக்குப் பலமில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம், நான் வெந்நீர் எடுக்க அடுக்களைக்குப் போய் வருவதற்குள் முடிந்துவிட்டது.

மைனி வந்து சேரும்வரை குளிர்பெட்டியில் வைத்திருந்தோம். விமான நிலையத்திலிருந்து நேராக வந்தவள் பெட்டியின் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். முதலில் அவள் அழவே இல்லை. ஆள் மாறிவிட்டது என்று நினைப்பவள்போல் நின்றாள்.

"இவ்வளவா மெலிஞ்சு போனாவ? நீங்க யாரும் ஒரு வார்த்தை சொல்லல்லியே."

நான் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தைத் துடைத்தேன்.

அடக்கம் முடிந்து பந்தல்காரர்கள் நாற்காலிகளை அடுக்கும்போது நண்பன் என்னைப் பலாமரத்தடிக்குக் கூப்பிட்டான். அவன் கண் சிவந்து கிடந்தது.

"பிள்ளே, அவனுக்குத் தெரியும். கேமரா இருக்காதுன்னு முதல் நாளே எனக்கிட்ட சொன்னான். 'முத மாடல்லயே எல்லாத்தையும் குடுத்தா அடுத்த வருசம் கம்பெனிக்காரன் என்னத்த விப்பான்? அத ஒளிச்சுத்தான் வைப்பான்' என்னான். பெறகு அவளுக்க லீவு விசயம் வந்ததும், அவ வராம இருக்க, கேமரா உண்டுன்னு மாத்திட்டான். 'கேட்டுல நின்னு வழியனுப்பினேன்லா, அந்த ஆளுதான் அவளுக்க மனசுல இருக்கணும் மக்கா. இதப் பாக்கப்பிடாது' என்னு எனக்கிட்ட சத்தியம் வாங்கினான்."

எனக்கு வந்தது துக்கமில்லை, கோபம். ஆசாரியிடம் நின்று வெட்டு நடுவில் வரவேண்டும் என்று தர்க்கித்தவன்! அவன் மட்டும் உயிரோடு இருந்திருந்தால் அன்று என்னிடம் நல்ல அடி வாங்கியிருப்பான். அவள் பார்க்கக்கூடாது என்று நினைத்த முகத்தைத்தான் அவள் பார்த்தாள், அதுவும் கண்ணாடிக்குள், அவன் திரும்பிப் பார்க்க முடியாதபோது. இன்றுவரை அவனை நான் மன்னிக்கவில்லை.

மைனி இரண்டு வாரம்தான் இருந்தாள். திரும்பிப் போவதற்கு முந்தின நாள் பெட்டி அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அவிய சொல்லி ஒண்ணும் தப்பினதில்லியே பிள்ளே. இது மட்டும் எப்பிடித் தப்பிச்சு?"

"ஒரு தடவ எல்லாவனுக்கும் தப்பும் மைனி."

அவள் சேலையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"தப்பாம இருந்திருந்தா கடைசியா ஒரு நாளாவது என்னப் பாத்திருப்பாவ. எம்புட்டு ஆசப்பட்டாவ, இல்லியா?"

"ஆமா மைனி" என்றேன்.