வியாழக்கிழமைக் கையெழுத்து

வியாழக்கிழமை வந்தால் டார்லா ஓவர்கார்டுக்கு மதியச் சாப்பாடு இறங்காது. அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ஆளைவிட மாடு அதிகமுள்ள ஒரு கவுண்டி, நம் கணக்கில் ஒரு சின்ன மாவட்டம், அது. ஓட்டில் ஜெயித்து வரும் போலீஸ் தலைவரான ஷெரீஃபின் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் பதிவேடுகளைப் பார்ப்பது அவள் ஒருத்திதான். வியாழன் இரண்டு மணி அடித்ததும் கையெழுத்துக்காரர்கள் வந்துவிடுவார்கள். துப்பாக்கிச் சத்தத்தை அடக்கும் சைலன்சரையோ, யாரோ சேர்த்துவைத்த பழைய மிஷின் கன்னையோ வாங்கப்போகிறவர்கள். கையில் வாஷிங்டன் மத்திய அரசின் அனுமதிப் படிவம் இரண்டு பிரதி, போட்டோ இரண்டு. ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்து ஒவ்வொருவரின் பத்து விரலையும் உருட்டி ரேகை எடுப்பார். அந்த இரண்டு மணி நேரமும் கவுண்டி முழுவதற்கும் ரோந்து வண்டி ஒன்றுதான்.

படிவத்தின் பின்பக்கத்தில் ஷெரீஃப் கையெழுத்துப் போட வேண்டும். இந்த ஆள் இதைத் தப்பான காரியத்துக்குப் பயன்படுத்துவார் என்று என்னிடம் எந்தத் தகவலும் இல்லை என்பதுதான் அங்கே இருக்கும் வாசகம். தகவல் இல்லை என்று சொல்ல வேண்டுமானால் யாராவது தேடிப் பார்த்திருக்க வேண்டுமே. கோர்ட்டில் தண்டனை வாங்கியவர்களை வாஷிங்டன்காரர்களே பிடித்துவிடுவார்கள். கோர்ட்டுக்கே போகாத விவகாரங்கள் போலீஸுக்கு வரும் போன்களைக் குறித்துவைக்கும் கவுண்டிப் பதிவில்தான் கிடக்கும். குடித்துவிட்டுப் பக்கத்து வீட்டு நாயைச் சுட்டவன், ராத்திரி போன் பண்ணிவிட்டுப் போலீஸ் வந்ததும் ஒன்றுமில்லை போங்கள் என்ற மனைவி. பழைய பதிவுகள் நிலவறைத் தகரப் பெட்டிகளில் கிடந்தன. ஒரு படிவத்துக்கு டார்லாவுக்கு ஒரு மணி நேரம் ஆகும், சிலதுக்கு இரண்டு.

கையெழுத்துப் போட்டே தீர வேண்டும் என்று ஷெரீஃப் கர்ட்டிஸ் ப்ரோவால்டைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. மாட்டேன் என்றால் அடுத்த தேர்தலில் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கட்டணம் வசூலித்தாலும் அதே கதி. ஆகவே எல்லாம் கவுண்டியின் தலையில் விடிந்தது.

அலுவலகத்தில் நேரமெல்லாம் எங்கே போகிறது என்று கூட்டத்துக்குக் கூட்டம் கத்துகிறவர் கவுண்டி சபைத் தலைவர் ஆல்டன் ட்வெட். சூரியகாந்தி விவசாயி. ஒன்பது சைலன்சருக்குக் கையெழுத்து வாங்கியவரும் அவரேதான். எங்கே போய் முட்டிக்கொள்வது.

அந்த வருஷ இலையுதிர்காலத்தில் டார்லாவின் வேலையை திங்கள் முதல் புதன்வரை வாரத்துக்கு மூன்று நாளாகக் குறைக்கும் தீர்மானம் வந்தது. நான்கு நாளுக்குக் குறைந்தால் மருத்துவக் காப்பீடு போய்விடும். அவள் கணவன் ரோட்னி தானியக் கிடங்கில் நாற்பது வருஷம் தூசியைத் தின்றவன். மருந்தை உறிஞ்சாமல் கட்டிலிலிருந்து வாசல்வரைகூட அவனால் நடக்க முடியாது. டார்லாவின் பயமெல்லாம் அவனுக்காகத்தான்.

கூட்டத்தில் வியாழக்கிழமை விவரத்தை அவள் எடுத்துச் சொன்னாள். ஷெரீஃப் காப்பிக் கோப்பையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஒரு கையெழுத்துக்கு ஒரு நிமிஷம் ஆகுமா? அதுக்கு ஒரு ஆள் எதுக்கும்மா?" என்றார் ட்வெட்.

"கையெழுத்துக்கு ஒரு நிமிஷம்தான். அதுக்கு முன்னாடி உள்ள வேலையத்தான் நான் பாக்கறேன்."

"இத்தனை வருஷமாத் தேடி என்னத்தக் கண்டுபிடிச்சே? ஒண்ணே ஒண்ணு சொல்லு பாப்போம்."

சொல்வதற்கு அவளிடம் ஒன்று இருந்தது. அதே வருஷம் வசந்தத்தில் ட்வெட்டின் மருமகன் ப்ரென்ட் கெஸலின் படிவம் வந்திருந்தது. தேடியபோது அவன் வீட்டிலிருந்து வந்த இரண்டு போன் அழைப்புகள் கிடைத்தன. இரண்டு தடவையும் அழைத்தது ட்வெட்டின் மகள் ஜனீன். இரண்டு தடவையும் போலீஸ் போனபோது படியில் விழுந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். அப்பாவுக்குத் தெரியக் கூடாது என்று கெஞ்சியதையும் வந்த போலீஸ்காரர் எழுதிவைத்திருந்தார். டார்லா அந்தப் பதிவுச் சீட்டுகளைப் படிவத்தோடு சேர்த்துக் கொடுத்தாள். ஷெரீஃப் கையெழுத்துப் போடாமல், வேலை நெருக்கடி என்று சாக்குச் சொல்லித் திருப்பி அனுப்பினார்.

பதிவில் இருப்பதை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. அந்த ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் வேலை தப்பியிருக்கும், ரோட்னியின் மருந்தும் தப்பியிருக்கும். பெயர் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்ல அனுமதியில்லை என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தாள். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். மூன்றில் இரண்டு ஓட்டில் தீர்மானம் நிறைவேறியது.

அவளுடைய கடைசி வியாழக்கிழமையன்று ட்வெட்டே நேரில் வந்து ஒரு படிவத்தை மேஜைமேல் வைத்தார். மருமகனுடையது.

"மாப்பிள்ளைக்கு அறுவடை வேலை. ரேகை, போட்டோ எல்லாம் இருக்கு. இந்தத் தடவையாவது தேடறேன் கீடறேன்னு இழுத்தடிக்காதே."

டார்லா அதைத் தொடவில்லை. அவர் கெட்ட மனிதரல்ல. ரோட்னி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவள் வீட்டு வாசல் பனியைச் சொல்லாமலே வந்து தள்ளிவிட்டுப் போனவர். அதை நினைத்ததும்தான் அவளுக்கு வாய் திறந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் விதியை அவள் மீறியது அந்த ஒரு தடவைதான்.

"உங்க பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க, ஆல்டன். அப்புறமும் இதையே நீட்டினீங்கன்னா வாங்கிக்கறேன்."

"என்னன்னு கேக்கணும்?"

"படியில எப்படி விழுந்தாள்னு."

"எந்தப் படி? அந்த வீட்டக் கட்டிக்குடுத்ததே நான். அதுல படியே கிடையாது, நிலவறைகூடத் தோண்டல…"

ட்வெட் படிவத்தை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

தீர்மானம் மாறவில்லை. மாற்ற வேண்டுமென்றால் தலைவர் சபையில் காரணம் சொல்ல வேண்டும், அந்தக் காரணத்தை அவராலும் சொல்ல முடியாது.

வேலையில்லாத முதல் வெள்ளிக்கிழமை டார்லா காரை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனாள். வழியில் ட்வெட்டின் பண்ணை முற்றத்தில் ஜனீனின் கார் நின்றது. டிராக்டர் கொட்டகைச் சுவரில் அவள் குழந்தைகளின் சைக்கிள் இரண்டு சாய்ந்திருந்தன. முற்றத்தில் நின்ற ட்வெட் தொப்பியைக் கழற்றி அவளைப் பார்த்தார். டார்லா அந்தப் பக்கத்து வழக்கப்படி ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு விரலை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டு நிற்காமல் போனாள். மருந்துக்கடையில் ரோட்னியின் மருந்துக்கு முழு விலையையும் தன் கைக்காசிலேயே கொடுத்தாள்.