கிரீட்டுக்குப் போகுமுன் உப்புப் பார்த்தது

எங்கள் வீட்டில் பயணம் என்றால் அது சொந்தக்காரர் வீட்டுக்குத்தான். லண்டனில் கல்யாணம், பாரிசில் பெண்பிள்ளைக்குச் சாமத்தியவீடு, ஜெர்மனியில் செத்தவருக்கு அந்தியேட்டி. எங்கள் ஊரான ஹோர்சன்ஸில் கார் ஏறினால் யாரோ ஒருவருடைய சோபாவில் போய்த்தான் இறங்குவோம். இத்தனை வருடம் டென்மார்க்கில் இருந்தும், இடம் பார்க்கவும் சாப்பிடவும் மட்டுமே என்று நாங்கள் ஓர் ஊருக்கும் போனதில்லை. அதனால், கிரேக்க நாட்டின் கிரீட் தீவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன் என்று மகள் சொன்னதும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "அங்கை எங்கடை ஆக்கள் ஆர் இருக்கினம்?" என்பதுதான்.

"ஒருத்தரும் இல்லை அம்மா. அதுதான் ஹொலிடே" என்றாள் மகள்.

எனக்கு அறுபது வயது நிறைகிறது. மண்டபம் எடுத்து மணிவிழா வைக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். மாலையைப் போட்டுக்கொண்டு மேடையில் குந்தி, வீடியோக்காரன் சொல்கிறபடி சிரிப்பதற்கு எனக்குப் பொறுமை கிடையாது. அதற்குப் பதிலாக மகள் கண்டுபிடித்தது இந்தப் பயணம். பழைய துறைமுகம், கல் பதித்த ஒழுங்கைகள், கடலுக்குள் ஒரு வெளிச்சவீடு. நடந்து களைத்தால் ஒரு சாப்பாட்டுக் கடை, எழும்பி நடந்தால் அடுத்த கடை.

சிக்கலே அந்தச் சாப்பாட்டில்தான் இருந்தது. முந்திய வருடம் என் தொண்டையில் புற்றுநோய் கண்டு கதிர்ச் சிகிச்சை செய்தார்கள். நோய் போனது. போகிறபோது நாக்கின் ருசியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. சோறும் நனைந்த காகிதமும் எனக்கு ஒன்றுதான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. வாசலுக்கே வந்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போய், திரும்பக் கொண்டுவந்து இறக்கிய டாக்சிக்காரர்கள், நான் பயந்து விறைத்த நாளில் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற தாதி, வேலைக்குத் திரும்பிய அன்று என் இடத்தில் சின்னச் சின்ன டெனிஷ் கொடிகளைக் குத்தி வைத்திருந்த தொழிற்சாலைக் கூட்டாளிகள். இவர்களுக்கெல்லாம் நான் எப்படி நன்றி சொல்லி முடிப்பேன்? அந்தத் தாதி ஒன்றையும் மறைக்கவில்லை. ருசி திரும்பி வரலாம், வந்தால் உப்போ புளியோ முதலில் வரலாம், வராமலும் போகலாம் என்று சொல்லி அனுப்பினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் மகள் வழக்கம்போல, தான் குடியிருக்கும் அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்து ரயிலில் வந்து, குசினி மேசையில் லப்டொப்பை விரித்தாள். சாப்பாட்டுக் கடைகளில் மேசை பதிய வேண்டிய கடைசி நாள் அது. தணலில் வாட்டிய எட்டுக்கால் கணவாய், தேன் ஊற்றிய ஆட்டுப்பால் சீஸ், நத்தை என்று ஒவ்வொன்றாக வாசித்தாள்.

"நத்தையோ? சிவ சிவா! வெள்ளிக்கிழமை நான் மரக்கறி, சொல்லிப்போட்டன்" என்றாள் மனைவி, அடுப்படியில் நின்றபடி.

"உங்களுக்குக் கொடிமுந்திரிகை இலையிலை சுத்தின சோறு இருக்கு அம்மா."

"அந்தச் சட்டியிலை முதல் நத்தை அவிச்சிருப்பினமோ?"

நானும் சிரித்தேன். ஆனால் கணவாயின் படத்தை மகள் என் பக்கம் திருப்பிக் காட்டியதும் எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது. "நீங்கள் ரெண்டு பேரும் போயிட்டு வாங்கோ. கழுதைக்கு ஏன் கற்பூர வாசனை?" என்றேன்.

மகள் லப்டொப்பை மூடினாள். "அப்படியென்றால் ஒருவரும் போகவில்லை" என்று டெனிஷில் சொன்னாள். அவளுக்கு அழுகை வந்தால் தமிழ் வராது. ஆசையாகச் செய்த பிள்ளையை நோகடித்துவிட்டேன் என்று தெரிந்தும், சொன்னதைத் திருப்பி எடுக்க எனக்கு வாய் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து மனைவி கரண்டியோடு என்னிடம் வந்தாள். வெள்ளிக்கிழமை அவளுக்கு விரதம். சமைத்துச் சாமிக்குப் படைக்கும் வரைக்கும் வாயில் ஒன்றும் வைக்கமாட்டாள். அதனால் கல்யாணம் முடித்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமைக் கறிக்கு உப்புப் பார்ப்பது என் வேலை. நோய்க்குப் பிறகு அந்த வேலை போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் என் உள்ளங்கையில் ஒரு துளி விடுவாள், நான் நக்கிவிட்டு "அளவாய்க் கிடக்கு" என்பேன். பிறகு மேசையில் மகள் தண்ணீர் தண்ணீராகக் குடிப்பாள். மனைவி வாய் திறக்காமல் சாப்பிட்டு எழும்புவாள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். எங்கள் வீட்டில் உப்புக் கூடிய பண்டம்கூடக் குப்பைக்குப் போனதில்லை.

"உப்புப் பாருங்கோ" என்றாள். பூசணிக்காய்க் கறி. கையை நீட்டினேன், நக்கினேன், வழக்கமான பதிலுக்கு வாயைத் திறந்தேன். நாக்கின் ஓரத்தில் ஏதோ சுரீரென்றது.

"கூட" என்றேன்.

"என்ன கூட?"

"உப்புக் கூடிப்போச்சு."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "பிள்ளையைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்லாதேங்கோ."

"கற்பூரம் அடிச்சுச் சத்தியம் செய்யட்டோ? கூடத்தான்!"

மனைவி கரண்டியைப் பார்த்தாள். சுவர்த் தட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்த சாமிப் படங்களைப் பார்த்தாள். காய்ச்சல் கிடந்த வெள்ளிக்கிழமைகூட விரதம் விடாதவள், கரண்டியில் மிச்சமிருந்த குழம்பை அப்படியே தன் வாயில் வைத்தாள்.

"ஓம்" என்றாள். "சரியான உப்பு."

அவளுக்குக் கண்ணீர் வழிந்தது. துடைக்காமலே, உருளைக்கிழங்கு வெட்டிப் போட்டால் உப்பு இழுத்துவிடும் என்று கத்தியைத் தேடினாள். மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எனக்கோ, அந்த உப்பு நாக்கை விட்டுப் போய்விடுமோ என்று வாயைத் திறக்கவே பயம். என் வாழ்நாளில் அவள் சமைத்ததில் ஆக மோசமான கறி அதுதான். சட்டியை வழித்துச் சாப்பிட்டேன்.

விரதக்காரியே வாய் வைத்த கறியைப் படைக்க முடியாதென்பதால் சாமிக்கு அன்று வாழைப்பழம் மட்டும்தான். விளக்கடியில் நின்று மன்னிப்புக் கேட்பாள் என்று பார்த்தேன். அவள் கும்பிட்டுவிட்டு நேரே மகளிடம் வந்தாள்.

"அந்தக் கணவாய்க் கடையிலை மூண்டு பேருக்குப் பதிஞ்சு விடு" என்றாள். "அப்பா உப்புப் பார்ப்பார்."