பதுளைப் பயணம்: தோணியை விட்டு இறங்காத புஷ்பம்

ரயில் பாதை முடிகிற இடத்தைப் பார்க்கவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நான் யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் எங்கள் ஊருக்கு ரயிலே வருவதில்லை. கொழும்பில் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் வேலை கிடைத்த பிறகு, கோட்டை நிலையத்தில் பதுளை என்ற பலகையைப் பார்க்கும்போதெல்லாம் ஏறிவிடலாமா என்று தோன்றும். 2005 ஆகஸ்டில் நான்கு நாள் லீவு சேர்ந்தாற்போல் கிடைத்தது. "தனியப் போய் என்னத்தைப் பாக்கப் போறாய்?" என்று அம்மா போனில் கேட்டார். ரயில் முடியிற இடத்தை என்றேன்.

காலை 5.55க்குக் கோட்டையிலிருந்து ஒரு ரயில் இருக்கிறது. இரண்டாம் வகுப்புக்கு அப்போது இருநூறு ரூபாவுக்குள்தான் முடிந்தது. முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள், நானுஓயா வரைக்கும் நின்றுகொண்டே வந்த ஒருவரின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மேலே போகும்போது வலப் பக்கம், இடப் பக்கம் என்று சண்டை பிடிக்கவேண்டாம், இரண்டு பக்கமும் பார்க்க இருக்கிறது. தெமோதரையில் பாதை தன்னையே சுற்றிக்கொண்டு தன் அடியிலேயே போகிறது. மாலை நான்கு மணிபோல் பதுளை. பாதை ஒரு சாதாரணக் கட்டையில் முட்டி நின்றுவிடுகிறது. அதற்குப் பின்னால் புல், ஒரு மாடு. எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் ஏமாற்றமாக இல்லை.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் எண்ணூறு ரூபாவுக்கு அறை எடுத்தேன். வெந்நீர் உண்டு என்றார்கள், அது வாளியில் வந்தது. அடுத்த நாள் துன்ஹிந்த அருவிக்குப் போய்வர ஆயிரம் ரூபா பேசி ஓர் ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் பெயர் செல்வம், ஸ்பிரிங்வெளித் தோட்டத்து ஆள், முப்பது வயதிருக்கும். ஏறி உட்காரும்போதே என்னை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். கண்ணாடி போட்ட யாழ்ப்பாணத்துப் பெண் வேறென்ன வேலை செய்யப் போகிறாள் என்ற முடிவு. நானும் திருத்தவில்லை, டீச்சருக்கு வாடகை குறையுமோ என்ற நப்பாசை.

டவுனைத் தாண்டுவதற்குள் ஓர் அரச அலுவலகத்தின் வாசலில் நடுத்தர வயது மனிதர் ஒருவர் கையைக் காட்டி ஆட்டோவை மறித்தார். வெள்ளைச் சட்டை, வியர்த்திருந்தார். ஒரு குளத்து மீனவர் சங்கத்தின் செயலாளர் அவர் என்று பிறகு தெரிந்தது.

"செல்வம், நல்ல நேரத்துல வந்த. தீர்மானம் பாஸாகிருச்சு. எனக்கு இன்னும் கையெழுத்து வேலை இருக்கு, பஸ்ஸு நாலு மணிக்குத்தான். உங்கண்ணன் இன்னைக்கு எறங்கப் போறேன்னு நிக்கிறானாம். ஓடிப் போய்ச் சொல்லு."

தீர்மானத்தின் விவரத்தைத் தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டு செல்வம் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு அருவிக்குப் போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் முழு மனதோடு சம்மதித்தேன் என்று சொன்னால் பொய். எத்தனை தூரம் என்று கேட்டேன். இருபத்துநான்கு கிலோமீற்றர், ஸ்பிரிங்வெளிப் பக்கமாக ஏறி, அந்தப் பக்கம் இறங்கவேண்டும் என்றார். மலைப் பாதையில் எனக்குக் குமட்டும். கைப்பையிலிருந்த இஞ்சி மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, சரி, அங்கேயே விடுங்கோ என்றேன்.

போகும் வழியில் செல்வம் விஷயத்தைச் சொன்னார். இரைச்சலில் பாதி காதில் விழவில்லை, திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டேன். தோட்டத்துக்குக் கீழே ஒரு குளம் இருக்கிறது. பெயரை எழுதவில்லை, அந்த மக்களிடம் கேட்காமல் எழுத எனக்கு விருப்பமில்லை. சங்கம் அதில் மீன்குஞ்சு விடுகிறது. குளம் வெறுமையாகிவிடக் கூடாது என்பதற்காக ஒரு பருவத்துக்கு ஒரு தோணி அறுநூறு கிலோதான் பிடிக்கலாம். அது அந்தத் தோணியின் பங்கு. பருவம் முடிந்ததும் வலைகளைச் சங்கத்தில் ஒப்படைத்துவிடவேண்டும், மீன் முட்டையிடும் காலம் முழுக்க யாரும் இறங்க முடியாது. பிடிக்காமல் விட்ட பங்கு அப்படியே போய்விடும். இரண்டு பருவம் தொடர்ந்து குறைந்தால் தோணிக்குக் குளத்தில் இடமே இல்லை.

செல்வத்தின் அண்ணன் கணேசனுக்குப் போன பருவம் வலை கிழிந்து பங்கு குறைந்தது. இந்தப் பருவம் காய்ச்சல். பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தவருக்கு இன்னும் இருநூறு கிலோ பாக்கி. பருவம் முடிய நான்கு நாள். மற்றத் தோணிகளெல்லாம் பங்கை முடித்துக் கரையேறிவிட்டன.

"காத்து எப்படி அடிக்குதுன்னு பாருங்க டீச்சர்," என்றார் செல்வம். "தென்மேற்குலருந்து வர்ற கச்சான் காத்து. போன வருசம் இதே மாதிரி கடைசி நாளுல பங்க முடிக்கணும்னு ரெண்டு தோணி எறங்குச்சு. கவுந்துருச்சு. ஒரு ஆளு கரைக்கு வரல. அதுக்கப்புறந்தான் சங்கத்துலருந்து ஆபீசுக்கு எழுதிக் குடுத்தாங்க, மிச்சத்த அடுத்த பருவத்துல பிடிச்சுக்க விடுங்கன்னு. ஒரு வருசமா இழுத்தடிச்சு இன்னைக்குத்தான் சரின்னுருக்காங்க."

போன் பண்ணினால் என்ன என்று கேட்டேன். என்னிடம் அலுவலகம் தந்த கைபேசி இருந்தது. அதை எடுத்துப் பார்த்தேன். டவுனைத் தாண்டியதுமே சிக்னல் போய்விட்டிருந்தது. செல்வம் பார்த்துவிட்டுக் கியரை மாற்றினார்.

தேயிலை மலைகளின் அழகைப் பற்றி இந்த இடத்தில் நான் எழுதவேண்டும். மன்னிக்கவேண்டும், நான் பார்க்கவில்லை. வளைவுக்கு வளைவு மரங்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்துக் குளம் கீழே தெரிந்தது. செல்வம் பிரேக்கை மிதித்து எட்டிப் பார்த்தார். தண்ணீர் முழுக்க வெள்ளை வெள்ளையாக அலை. தோணி எதுவும் தெரியவில்லை. இறங்கவில்லை என்று எடுத்துக்கொள்வதா, வேறு மாதிரி எடுத்துக்கொள்வதா என்று இருவருக்கும் தெரியவில்லை. மிச்சத் தூரத்தை அவர் ஓட்டிய விதத்தை அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

கரையில் நாங்கள் கண்டது இது. ஒரு ஃபைபர் தோணி பாதி தண்ணீரிலும் பாதி சேற்றிலும் நிற்கிறது. பக்கத்தில் கணேசன், மெலிந்த உடம்பு, காய்ச்சல் விட்ட முகம், தோளில் வலை. தோணிக்குள், நடுவில், கையைக் கட்டிக்கொண்டு அவர் மனைவி புஷ்பம் உட்கார்ந்திருக்கிறார். கொழுந்து பறிக்கப் போகும்போது இடுப்பில் கட்டும் தடித்த துணிப் படங்கைக்கூட அவிழ்க்கவில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பியவர், வழியில் புருஷன் வலையைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு நேரே இங்கே வந்து ஏறி உட்கார்ந்துவிட்டாராம். அப்போதிருந்து இறங்கவில்லை.

"எனக்கு நீந்தத் தெரியாதுங்க," என்றார் என்னைப் பார்த்து, அறிமுகமே இல்லாமல். "அது இவருக்கும் தெரியும். போறதுன்னா என்னையும் வச்சுக்கிட்டுப் போகட்டும்."

செல்வம் மூச்சு வாங்கச் செய்தியைச் சொன்னார். தீர்மானம் வந்துவிட்டது, மிச்சப் பங்கு அடுத்த பருவத்துக்குப் போகும், தோணியையும் குளத்திலிருந்து எடுக்கமாட்டார்கள். கணேசன் அசையவில்லை.

"போன வருசம் லயத்து வீடுகளுக்கு ஓடு போடப் போறாங்கன்னு நீதான் ஓடி வந்து சொன்ன. இன்னும் தகரந்தான் கெடக்கு."

"அண்ணே, இது செயலாளரே சொன்னது."

"யாரு சொன்னா என்ன? பதினெட்டு வருசம் தோட்டத்துல வேலை செஞ்சவன் நான். இன்னைக்கு ரெண்டு கிலோ கொழுந்து கொறஞ்சா அரைப் பேருதான் போடுவாங்க. நாளைக்கு நாலு கிலோ கூடப் பறிச்சுக் கொட்டுனாலும் அந்த அரைப் பேரு முழுப் பேரு ஆகியிருக்கா? எங்கயாச்சும் ஆகியிருக்கா? அன்னன்னைக்கு உள்ளது அன்னன்னைக்கோட செத்துப்போகும். மீனுக்கு மட்டும் புதுசா வச்சிருக்கானாக்கும்."

பேர் என்பது தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பெயர். குறித்த கிலோ பறித்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர், பாதிச் சம்பளம். இதைச் செல்வம் எனக்கு மெதுவாக விளக்கினார். அந்த வழக்கத்திலேயே வளர்ந்து, அதை விட்டுக் குளத்துக்கு வந்த பிறகும், கணேசனுக்கு மிச்சம் என்ற ஒன்று அடுத்த பருவத்துக்கு நடந்து போகும் என்று நம்ப முடியவில்லை. என் அலுவலகத்தில் லீவு மிச்சமிருந்தால் அடுத்த வருஷத்துக்குப் போகும்.

கணேசன் தோணியின் விளிம்பைப் பிடித்துத் தள்ளத் தொடங்கினார். புஷ்பம் நகரவில்லை. தோணி ஓரடி தண்ணீருக்குள் போனது. அலை அடித்துப் புஷ்பத்தின் முகத்தில் தெறித்தது. அப்போதும் அவர் கையைக் கட்டியபடியே இருந்தார்.

செல்வம் தலையில் அடித்துக்கொண்டார். "முழுசும் குடுக்கறாங்கன்னா நான் சொன்னேன்? அறுநூறுல கால்வாசிதான் அடுத்த பருவத்துக்குப் போகும். உனக்கு நூத்தம்பது கிலோதான். மிச்சம் அம்பது போனது போனதுதான்."

கணேசன் தள்ளுவதை நிறுத்தினார்.

"அம்பது கிலோ போயிருமா?"

"போயிரும்."

"கேக்கலையா அத?"

"கேட்டாங்களாம். முடியாதுன்னுட்டாங்களாம். எல்லாரும் சேத்து வச்சு ஒரே பருவத்துல பிடிச்சா கொளம் தாங்காதாம்."

கணேசன் தோளிலிருந்த வலையை எடுத்துக் கரையில் போட்டார். "அப்ப உண்மையாத்தான் இருக்கும்," என்றார். "முழுசும் தர்றாங்கன்னா நம்பியிருக்க மாட்டேன்."

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். செல்வமும் சிரித்தார். கணேசன் சிரிக்கவில்லை, சேற்றிலேயே உட்கார்ந்து முழங்காலில் தலையை வைத்துக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து, "எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு டீச்சர்," என்றார். புஷ்பத்துக்கு எழும்ப முடியவில்லை, கால் மரத்துவிட்டது. நானும் செல்வமும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இறக்கினோம். இறங்கியதும் புருஷன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

கரையிலுள்ள சின்னக் கடையில் நால்வரும் பால் விடாத பிளேன்டீ குடித்தோம், கூட வெல்லக் கட்டி. இரண்டு மணிபோல் காற்று இன்னும் ஏறியது. வெறும் தோணியை அலை இரண்டு தரம் தூக்கிப் பார்த்தது, மூன்றாம் தரம் கவிழ்த்துப் போட்டது. கடையில் இருந்த எல்லோரும் அதைப் பார்த்தோம். அன்றைக்கு எனக்குள் இறங்கிய நிம்மதி போல ஒன்றை அதற்கு முன் எந்தப் பயணத்திலும் நான் உணர்ந்ததில்லை. அருவியைப் பார்க்கவில்லை என்பது ஞாபகத்துக்கு வரவே இல்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஆகஸ்டில் மழை குறைவு, ஆனால் காற்றுக்கு ஒரு தடித்த சால்வை வேண்டும். ஸ்பிரிங்வெளிப் பக்கம் பஸ் உண்டு, திரும்பி வரும் கடைசி பஸ்ஸைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மலைக்கு வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள், நிறைந்த வயிற்றோடும் ஏறாதீர்கள். தோட்டங்களில் லயத்து வாசலில் நின்று கேட்காமல் படம் எடுக்காதீர்கள். குளத்து மீன் வேண்டுமென்றால் மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி ஹோர்ன் அடித்துக்கொண்டு வருபவரிடம் வாங்கலாம், ஆனால் மூடிய பருவத்தில் கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்தவேண்டாம். ஆட்டோவுக்கு நாள் வாடகையாகப் பேசுங்கள், அருவிக்கு மட்டும் என்று பேசாதீர்கள். செல்வம் என்னிடம் அந்த ஆயிரத்துக்கு மேல் ஒரு சதமும் வாங்க மறுத்துவிட்டார், பெற்றோலுக்காவது என்று கொஞ்சப் பணத்தை ஆட்டோ சீட்டுக்கடியில் வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

துன்ஹிந்தவுக்கு அடுத்த வருஷம் போனேன். நல்ல அருவி. தெருவிலிருந்து ஒன்றரைக் கிலோமீற்றர் நடை, குரங்குகள் கையிலிருப்பதைப் பறிக்கும்.

ஆனால் பதுளை என்றால் எனக்கு நினைவுக்கு வருவது, நாங்கள் கிளம்பும்போது புஷ்பம் ஆட்டோ அருகில் வந்து நின்றதுதான். படங்கை அப்போதுதான் அவிழ்த்து மடித்துக் கையில் வைத்திருந்தார். அன்று அவர் வேலைக்குப் போகவில்லை. தோணியில் உட்கார்ந்திருந்த நாளுக்கு அவருக்கு அரைப் பேர்கூடக் கிடையாது.

"மீனுக்கு வந்துருச்சுங்க," என்றார். "கொழுந்துக்கும் இப்படி ஒன்னு வருமா டீச்சர்?"

தெரியேல்லை அம்மா என்றேன். அவர் சிரித்தார். "வந்தா கால்வாசி வந்தாப் போதும்," என்று சொல்லிவிட்டு, கவிழ்ந்து கிடந்த தோணியை நிமிர்த்தப் புருஷனுக்குக் கை கொடுக்கப் போனார்.