துடைப்ப அக்கா

எந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்தாலும், அதன் வன்வட்டில் எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார். பார்த்ததும் ஒரு ‘ச்சூ’. “குப்பைக்கூடைகூட இதவிட சுத்தமா இருக்கும்” என்பது அவருடைய நிரந்தர வசவு. நூலகத்தின் கணினிகளைப் பராமரிக்கும் அவருக்குச் சக ஊழியர்கள் துடைப்ப அக்கா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கூப்பிட்டால் “என்னடா?” என்று திரும்பிப் பார்ப்பார்.

அம்மாவின் அறுவைசிகிச்சைக்காக இரண்டு மாதம் விடுப்பில் போனவர், இன்று காலைதான் வந்தார். வாசிப்பு அறையின் பன்னிரண்டு லினக்ஸ் கணினிகளும் பழைய சாமானாகப் போகின்றனவாம்.

“புதுசா எதுவும் ஏற மாட்டேங்குதும்மா. அணைச்சு அணைச்சுப் போட்டுப் பாத்தாச்சு. மூணு மணிக்கு வண்டி வருது” என்றார் நூலகர்.

புதியவை வர ஆறு மாதமாகும். வீட்டில் கணினி இல்லாமல் வேலைக்கு விண்ணப்பிக்க இங்கே வருபவர்கள் அதுவரை எங்கே போவார்கள்? அந்தக் கேள்வி யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் அக்காவுக்கு வயிற்றெரிச்சல்.

கணினிகளைப் போட்டுப் பார்த்தார். நிறுவி முடித்த மென்பொருள்களின் பொதிகள் அழிக்கப்படாமல் வட்டை அடைத்துக் கிடந்தன. எந்த மென்பொருள் எங்கே கிடைக்கும் என்று சொல்லும் பட்டியலுக்கும் இரண்டு மாத வயது. சர்வரில் இப்போது இல்லாத பழைய பதிப்பைக் கேட்டுக் கேட்டுக் கணினிகள் பிழை காட்டிக்கொண்டிருந்தன.

“பழைய விலைப்பட்டியல வச்சுக்கிட்டு, கடைக்காரன் பொருள் தரலைன்னு அழுதா எப்படி சார்? வீடு பெருக்க சோம்பல்பட்டு வீட்டையே இடிப்பாங்களா?”

பொதிகளை அழிக்க ஒரு கட்டளை, பட்டியலைப் புதிதாக இறக்க இன்னொன்று. அவ்வளவுதான் வைத்தியம். பிறகு விட்டுப்போன புதுப்பிப்புகள் ஒவ்வொன்றாக ஏறின. சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் ஏழு கணினிகளை எழுப்பிவிட்டார்.

மூன்று மணிக்கு வண்டி வந்தது.

“ஏழு ஓடுது சார். மிச்சம் அஞ்சும் ஓடும்.”

நூலகர் திரையைப் பார்க்கவே இல்லை. “பன்னெண்டுக்கும் கையெழுத்துப் போட்டாச்சும்மா. இப்ப மாத்துனா மேல என்னைக் கேப்பாங்க.”

ஓடுகிற கணினியையுமா! அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. நாற்காலியை இழுத்து வாசலை அடைத்துப் போட்டார். கதவோரமிருந்த எட்டாவது கணினியின் விசைப்பலகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தூக்க வந்தவர்களுக்கு முதுகைக் காட்டித் தட்ட ஆரம்பித்தார்.