கடைசி வரியை மட்டும் படித்தவள்

மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அய்யா கடலுக்குப் போகாமல் வீட்டிலிருந்தார். காரங்காட்டிலிருந்து அத்தையும் வந்திருந்தார். தங்கச்சிமடத்து வீட்டின் முன்னறையில் லேப்டாப்பைத் திறந்து, பெங்களூர் மேலாளரும் குழுவினரும் இருந்த வீடியோ அழைப்பில் சேர்ந்தேன்.

“எம்மக ஆபீஸ்ல பேசுறதப் பாரு” என்று அய்யா எனக்குப் பின்னால் அத்தைக்கு நாற்காலி போட்டுத் தானும் உட்கார்ந்தார்.

கோப்புகளையெல்லாம் ஒன்றுசேர்த்து எங்கள் மென்பொருளைத் தொகுக்கும் வேலை முந்தைய நாளிலிருந்தே பாதியில் முறிந்துகொண்டிருந்தது. தொகுக்கும்போது ‘மேக்’ என்ற கருவி, தான் செய்வதையெல்லாம் வரிவரியாக எழுதிக்கொண்டே போகும். அந்தப் பதிவைக் காட்டச் சொன்னார் மேலாளர். நான் நேராக அடிக்குப் போனேன். கடைசி வரியில் எர்ரர் இருந்தது. முதன்மை ஃபோல்டரில்தான் சிக்கல் என்றேன்.

“மேலே சில வரிகளில் மேக் என்பதை ஒட்டி ஒன்று, இரண்டு என்று எண் இருக்கிறதே, அது என்ன?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

தினமும் பார்க்கிற எண்கள். ஒருநாளும் யோசித்ததில்லை. பிழைகளின் எண்ணிக்கை என்று உளறினேன். யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. இத்தனை வருட அனுபவத்தில் இதுகூடத் தெரியாதா என்று தொடங்கி, மேலாளர் நிறுத்தி நிதானமாகப் பேசினார். என் காது சுட்டது. பின்னால் இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் தாங்க முடியவில்லை.

அழைப்பு முடிந்ததும் அத்தை கேட்டார். “என்னத்தா, ஒன்னயவே பாத்து அம்புட்டு நேரம் பேசுனாரு?”

அய்யா முந்திக்கொண்டார். “வேலைய நல்லாச் செய்றாளாம். அதத்தான் சொல்றாரு.”

அத்தை என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். செத்துவிடலாம் போலிருந்தது.

மறுநாள் காலையில் பதிவை முதல் வரியிலிருந்து படித்தேன். மேக் ஒரு ஃபோல்டருக்குள் நுழைந்து, அங்கே இன்னொரு மேக்கை ஓடவிடுகிறது. அது இன்னும் உள்ளே போய் மற்றொன்றை. நுழையும்போது ஒரு வரி, வெளியேறும்போது ஒரு வரி. அந்த எண், எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. உள்ளே ஒன்று தோற்றால், அதை ஓடவிட்ட மேக்கும் தோற்றதாக எழுதும். அதற்கும் வெளியே இருப்பதும் அப்படியே. நான் காட்டிய கடைசி வரி, தோல்விச் செய்தி வந்து சேர்ந்த இடம் மட்டும்தான். உண்மையான பிழை பதிவில் வெகு மேலே, ஆழத்திலிருந்த ஒரு ஃபோல்டரில் கிடந்தது: அங்கே தேவையான ஒரு கோப்பு இல்லை. சேர்த்தேன். தொகுப்பு ஓடி முடிந்தது.

குழுவுக்கு எழுதிப் போட்டேன். மேலாளர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படம் ஒன்றை அனுப்பினார். வெட்கம் குறையவில்லை. இவ்வளவுதானா, இதை யாரிடமாவது கேட்கக் கூசியா இத்தனை காலம் ஓட்டினேன் என்று அது இன்னும் கூடியது.

அத்தை பஸ் ஏறிப் போனபிறகு, வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்த அய்யாவிடம் சொன்னேன். “அய்யா, அவரு என்னையப் பாராட்டல. ஏசுனாரு.”

“தெரியும்த்தா” என்றார் நிமிராமலே. “பாஷ தெரியாட்டி என்ன, ஒம் முதுகு குறுகிப்போனது எனக்குத் தெரியாதா? ஒங்க அத்தைக்கிட்ட வேற என்னத்தச் சொல்ல?”

அதற்குமேல் அங்கே நிற்க முடியாமல் உள்ளே போய்விட்டேன்.